சொன்னது நான், தட்டியது அவள்

அந்த அலுவலகத்தில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேர். ஒருவர் திரையைப் பார்த்து நடப்பதை வாயால் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மற்றவர் அதைக் காதில் வாங்கிக் கணினியில் தட்ட வேண்டும். யார் பந்தைக் கூடையில் போட்டார், யார் தவறவிட்டார், துள்ளி வந்ததை யார் பிடித்தார், யார் யாருக்குக் கொடுத்தார், யார்மேல் ஃபவுல் என்று ஒன்று விடாமல். ஐரோப்பாவின் முதல் வரிசைக் கூடைப்பந்துக் கழகங்கள் அக்டோபரில் தொடங்கி மே வரைக்கும் ஊர் ஊராகப் பறந்து போய் மோதிக்கொள்ளும் போட்டி அது. அவர்கள் ஆடி முடித்துப் படுக்கப் போன பிறகு ஆட்டத்தின் காணொளி பினாங்குக்கு வந்து சேரும். காலையில் நாங்கள் பஸ் பிடித்து வந்து, ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் திருப்பி அனுப்புவோம். அடுத்த வாரம் மோதப்போகும் அணியைப் படித்துக்கொள்ளக் கழகங்களின் பயிற்சியாளர்கள் எங்கள் துண்டுகளைத்தான் பார்த்தார்கள். ஏதென்ஸிலோ பெல்கிரேடிலோ ஒருவர் என் கண்ணால் ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியாது.

எங்கள் ஜோடியில் சொன்னது நான். அந்த சீசன் முழுக்க, ஒரு நாளைத் தவிர, நான்தான் சொன்னேன்.

முதல் நாள் பாஸ் எங்கள் இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, "யாரு சொல்றீங்க, யாரு அடிக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்கு ஜோடியாக வந்தவள் வாயைத் திறப்பதற்குள், "நான் சொல்றேன்" என்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. அம்மா சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் பின்கட்டில் தட்டு கழுவுகிறாள். சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அந்தக் கடையில்தான் கிடப்பேன். முன்னால் நின்று, "தே ரெண்டு, ஒண்ணு சீனி கொறச்சு, மீ கோரேங் ஒண்ணு" என்று குரல் கொடுப்பவர்தான் அங்கே ராஜா. அவர் சொன்னால் அடுப்படியில் எல்லாக் கையும் அசையும். அவர் கையில் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டி நான் பார்த்ததில்லை. அப்பா லாரியில் கெலிண்டன். லாரி ஓட்டுகிறவர் உட்கார்ந்து சொல்வார். கெலிண்டன் இறங்கிப் போய்த் தூக்குவார். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை. கையால் செய்யும் வேலையை ஏற்கெனவே இரண்டு பேர் செய்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் வேண்டாம் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார்கள். அதனால் சொல்பவர், தட்டுபவர் என்று கேட்டபோது எனக்கு யோசிக்க எதுவும் இல்லை.

அவள் சிரித்துக்கொண்டே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எனக்கு இதுதான் சரி அக்கா. எங்கட வீட்டில எல்லாரும் கிளார்க். தாத்தா ரயில்வேல, அப்பா பேங்க்ல. உக்காந்து எழுதுறதுக்கு நாங்க அலுக்க மாட்டம்."

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக அரசாங்க அலுவலகங்களில் உட்கார்ந்த குடும்பம். அவள் விரல்கள் அப்படி ஓடும். என்னைவிட இரண்டு வயது இளையவள். சண்டைக்குப் போகாதவள், பிஸ்கட் வாங்கினால் முதலில் என்னிடம் நீட்டுபவள். கூடைப்பந்து மட்டும் சுத்தமாகத் தெரியாது. முதல் வாரத்தில் ஒரு முழு ஆட்டத்தைத் தட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, இதில நம்ம டீம் எது?"

பக்கத்து மேசையில் இருந்தவர் குடித்துக்கொண்டிருந்த பாலில்லாத தே ஓ மூக்கில் ஏறிவிட்டது.

எனக்கு ஆட்டம் தெரியும். இடைநிலைப் பள்ளியில் கூடைப்பந்து அணியில் நான் ஒருத்திதான் இந்தியப் பெண். மற்றவர்கள் எல்லாம் சீனப் பிள்ளைகள். ஐந்து வயதிலிருந்து ஆடியவர்கள். என்னை அணியில் வைத்திருந்தார்கள், ஆனால் பெரும்பாலும் பெஞ்சில் வைத்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில், ஆடிய பலரைவிட எனக்குக் கூடுதலாகத் தெரிந்துபோனது. பந்து எங்கே போகிறது என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். தடுப்பவனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால் பந்து அங்கே வந்து சேரும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஐரோப்பியப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. சட்டை நிறமும் எண்ணும் போதும் என்றுதான் விதி. ஆனால் நாள் முழுக்க எண் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். இஸ்தான்புல் அணியில் ஃப்ரீ த்ரோ போடும் முன் கண்ணை மூடி எதையோ முணுமுணுக்கும் ஒருவன், அவன் சாமி. கூடைக்குக் கீழே நகராமல் நிற்கும் சேர்பியாக்காரன் தூண். தலை நரைத்த பிறகும் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பானிய அணிக்காரர் தாத்தா. எப்போதும் புதுச் சட்டை போட்டவன் மாதிரி கை காலை விறைப்பாக வைத்துக்கொண்டு ஓடுபவன் மாப்பிள்ளை.

"தாத்தா கொண்டுவர்றாரு. தூணு மறிக்கிறான். தாத்தா உள்ள குடுத்தாச்சு, மாப்பிள்ள, போட்டாச்சு, ரெண்டு. அசிஸ்ட் தாத்தா." இதைச் சொல்லி முடிக்கும்போது அவள் விரல்கள் நின்றிருக்கும். அவ்வளவு வேகம் எங்கள் ஜோடி. அதை நான் மறுக்கவில்லை. விரல்களும் வேண்டும்தான்.

ஆனால் இந்த வேலையின் கஷ்டம் விரலில் இல்லை, அசிஸ்டில் இருக்கிறது. கூடையில் போட்டவன் யார் என்பதைக் குழந்தைகூடச் சொல்லும். அவனுக்குப் பந்தைக் கொடுத்தவனுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. பந்தை வாங்கியவன் கூடைக்கு அருகில், வண்ணம் பூசிய கட்டத்துக்குள் வாங்கிப் போட்டால் கொடுத்தவனுக்கு அசிஸ்ட் உண்டு. வெளியே வாங்கி, தட்டிக்கொண்டு உள்ளே போய்ப் போட்டால், தடுப்பவனை அவன் தன் திறமையால் தாண்ட வேண்டியிருந்ததா என்று பார்க்க வேண்டும். தாண்ட வேண்டியிருந்தால் கொடுத்தவனுக்கு ஒன்றும் கிடையாது. வழி ஏற்கெனவே திறந்திருந்தால் திறந்தவன் கொடுத்தவன்தான், அவனுக்கு உண்டு. பந்தை வாங்கிப் போடப் போனவன்மேல் ஃபவுல் ஆகி, அதற்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவில் ஒன்றாவது உள்ளே போனால் அப்போதும் கொடுத்தவனுக்கு அசிஸ்ட் உண்டு. அமெரிக்க ஆட்டம் பார்த்துப் பழகியவர்கள் இந்தக் கடைசி விதியில்தான் விழுவார்கள். எங்கள் மாடியில் நிறையப் பேர் விழுந்தார்கள்.

விழுந்தவர்கள் என் மேசைக்கு வந்தார்கள். "ஜட்ஜம்மா, ஒரு கேஸ் இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று பக்கத்து மேசைக்காரர் நாற்காலியோடு உருண்டு வருவார். நான் ஒரு தடவை பார்ப்பேன். "இல்ல. இவன்தான் இடுப்பத் திருப்பிக் கழட்டிப் போறான். குடுத்தவனுக்கு ஒண்ணுமில்ல" என்பேன். அவர் உருண்டு போவார். நான் சொன்னதை ஐரோப்பாவில் இருந்து யாரும் மாற்றியதில்லை. எனக்கு அந்த நாற்காலி ஒரு மணமேடை மாதிரி இருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

டிசம்பரில் பாஸ் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். அடுத்த சீசனிலிருந்து அரங்கத்தில் வைக்கும் கேமராக்களே கணக்கு எடுத்துவிடுமாம். இங்கே யாரும் தேவைப்பட மாட்டார்கள், ஒரே ஒருவரைத் தவிர. இயந்திரம் சொல்வது சரியா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒருவர். அந்த ஒருவர் ஐரோப்பியக் கம்பெனியின் நேரடி ஊழியராக இருப்பார். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போய், இறுதிச்சுற்று நடக்கும் அரங்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். யார் என்பதை அவர்களே, யாருடைய வேலையில் தப்புக் குறைவோ அதைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கற்பனை செய்து சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரர் எழுந்து பாதி வணங்குவதுபோல் கூடச் செய்தார்.

அன்று மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். "உங்களுக்குத்தான் அக்கா. நான் வெறும் விரல்" என்றாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, பத்து விரலையும் விரித்து ஆட்டிக் காட்டினாள். நானும் சிரித்தேன்.

அப்போதே நான் யோசித்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் ஆட்டத்துக்கு மென்பொருள் ஒரே ஒரு பெயரில்தான் திறக்கும். அது தட்டுகிறவரின் பெயர்.

தைப்பூசம் வந்தது. நான் தேர்வில் தேறினால் மூன்று வருஷம் என்னைப் பால்குடம் எடுக்கவைப்பதாக அம்மா தண்ணீர்மலை முருகனிடம் எனக்காக வேண்டியிருந்தாள். என்னைக் கேட்டு வேண்டவில்லை. அது மூன்றாவது வருஷம். பினாங்குக்கு அன்று விடுமுறை. ஐரோப்பாவுக்கு ஏது விடுமுறை. தட்டுகிறவள் வீட்டில் முதல் நாளே போய்க் கும்பிட்டு வந்துவிட்டார்கள், அவள் வேலைக்கு வந்தாள். நான் தலையில் குடத்தோடு படியேறிக்கொண்டிருந்த நேரத்தில், என் நாற்காலியில் பக்கத்து மேசைக்காரர் உட்கார்ந்து அவளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஐரோப்பாவிலிருந்து திருத்தம் வந்தபோது, அந்த ஓர் ஆட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது. தூணும் மாப்பிள்ளையும் கொடுத்தவையெல்லாம் தலைகீழ்.

"பாத்தீங்களா அக்கா, நீங்க இல்லாட்டி நான் இப்படித்தான்" என்று அவளே சொன்னாள். நாலு பேர் கேட்கச் சொன்னாள். அது எனக்கு அவ்வளவு இனித்தது.

ஏப்ரலில் பாஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அவள் தலையாட்டுவது தெரிந்தது. வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் எழுந்து உள்ளே போனேன்.

"பாஸ், அது என் வேலை."

"தெரியும் லா. ஒக்காருங்க."

"தெரியும்னா ஏன் அவள கூப்பிட்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நல்ல மனிதர்தான், பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருவார். "ஐரோப்பாவுல அவங்ககிட்ட இருக்கிறது அவ பேரு. ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆளுன்னுதான் நாம ஒத்துக்கிட்டது. சொல்ல ஒருத்தர் அடிக்க ஒருத்தர்ங்கிறதெல்லாம் இங்க நான் பண்ண ஏற்பாடு, வேகமா முடியட்டும்னு. சொல்றவங்கன்னு ஒரு ஆளு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது."

"சொல்லுங்க இப்ப."

"இப்பச் சொன்னா, சீசன் முழுக்க ஏமாத்தினீங்களான்னு கேப்பான். ஒருத்தருக்கும் வேல இருக்காது. அவளுக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்ல."

"தைப்பூசத்தன்னிக்கு நான் வரல. அன்னிக்கு மட்டும்தான் தப்பு வந்திருக்கு. எடுத்துப் பாருங்க."

"தைப்பூசத்தன்னிக்கு யாருக்கு லா இங்க கவனம் இருக்கும்" என்றார்.

கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டார். "நீயே சொல்லும்மா. யாரு சொன்னது, யாரு முடிவெடுத்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். "சேந்துதான் செஞ்சம்" என்றாள்.

பொய் என்று சொல்ல முடியாத ஒரு சொல்லாகப் பார்த்து எடுத்திருந்தாள். அப்பா பேங்கில், தாத்தா ரயில்வேயில். அவர்கள் வீட்டில் எந்தச் சொல் எங்கே நிற்கும் என்று தெரியும். எங்கள் வீட்டில் சத்தமாகச் சொன்னால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் கை விரல்கள் எப்போதும்போல் ஊறி வெளுத்திருந்தன. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏன்டி, எங்க கடையில முன்னால நின்னு சத்தம் போடுறவரு முதலாளின்னா நெனச்சிக்கிட்டு இருந்த?" என்றாள்.

"இல்லையா?"

"அவரும் கூலிதான். கல்லாவுல உக்காந்து தட்டுறாரே அவரோட மச்சான், அவருதான் பங்குதாரரு. அவரு வாயத் தொறந்து நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. அத்தனை விடுமுறையும் அதே கடையில் இருந்திருக்கிறேன்.

மே மாதம் தொடங்கியபோது கடைசிச் சோதனை வைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து ஒரு பெண் காணொளியில் வருவாள். சந்தேகமான துண்டுகளைப் போட்டுக் காட்டுவாள். இவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் காலை, நமக்கு மத்தியானம். அதற்கு முந்தின நாள் இவள் என்னிடம் வந்தாள். சீசன் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக என் எதிரில் உட்காராமல் நின்றாள்.

"அக்கா, மேசைக்கு அந்தப் பக்கம் நீங்க இருங்க. கேமராவில தெரியாது. உண்டுன்னா ஒரு விரல் காட்டுங்க, இல்லன்னா கையை மூடுங்க. எனக்குத் தனியா வராது."

"நான் ஏன் இருக்கணும்?"

"நான் உள்ள போயிட்டா உங்களையும் கூப்பிட்டுக்கலாம். யாருமே போகாட்டி ரெண்டு பேருக்கும் இல்ல." பிறகு, "அப்பாட்டச் சொல்லிட்டன் அக்கா, கிடைச்சிட்டு எண்டு" என்றாள். பயந்தால் அவளுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிடும்.

இருக்கிறேன் என்றேன். உதவுவதற்காக ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு இடத்தில், விரல் காட்ட வேண்டிய இடத்தில் கையை மூடுவேன். ஒன்று போதும். அவள் விழுவதை மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பாஸ் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார். அவள் திரைக்கு முன்னால், நான் திரைக்குப் பின்னால். எனக்குத் தெரிவதற்கு அதே துண்டுகள் ஓடும் இன்னொரு திரை. ஐரோப்பியப் பெண்ணின் குரல் இனிமையாக இருந்தது. முதல் துண்டு: விரல். அடுத்தது: மூடிய கை. அதற்கடுத்தது ஃபவுல் ஆகி ஒரு ஃப்ரீ த்ரோ உள்ளே போனது, விரல். அவள் ஒவ்வொன்றையும் அழகான ஆங்கிலத்தில் சொன்னாள், யோசிப்பதுபோல் கொஞ்சம் நிறுத்தி. நன்றாக நடித்தாள். நான் பொறுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு கையால் வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்தப் பெண் சொன்னாள்: அடுத்தது உங்கள் வேலையிலிருந்தே எடுத்தது. இதற்கு நீங்கள் அசிஸ்ட் என்று பதிந்திருக்கிறீர்கள். எங்கள் இயந்திரம் இல்லை என்கிறது. நீங்கள் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

துண்டு ஓடியது. எனக்கு நினைவிருந்தது. குளிர்காலத்து ஆட்டம், நான் சொன்னது. தாத்தா பந்தைக் கொண்டுவருகிறார். வலது பக்கம் பார்த்துக்கொண்டே இடது பக்கம் கொடுக்கிறார். மாப்பிள்ளை வெளியில் வாங்கி, இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு போய்ப் போடுகிறான். தடுப்பவன் பக்கத்தில்தான் ஓடி வருகிறான், அதனால் தாண்டிப் போனதுபோல் தெரியும். இயந்திரத்துக்கு அப்படித் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தத் தடுப்பவனின் இடுப்பு தாத்தா பார்த்த திசையில் ஏற்கெனவே திரும்பிவிட்டது. பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே அவன் தோற்றுவிட்டான். மாப்பிள்ளை யாரையும் தாண்டவில்லை.

நான் காத்திருந்த இடம் இதுதான். கையை மூடினால் போதும். அவள் "ஆமாம், தப்பு" என்பாள். அவ்வளவுதான்.

ஆனால் அது என் ஆட்டம். அவள் தப்பு என்று சொன்னால் தப்பாவது நான். ஒரு இயந்திரம் பார்க்காததை நான் பார்த்தேன் என்பதை, எனக்கு அந்த சீசனில் மிஞ்சியிருந்த ஒரே உடைமையை, நானே கையை மூடி இல்லையென்று ஆக்க வேண்டும். விரல் காட்டினேன். அவள் "இல்லை, அசிஸ்ட்தான்" என்றாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஏன் என்பதற்கு எங்களிடம் விரல் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. ஆனால் அந்த அமைதி நீண்டுகொண்டே போனது, என் தீர்ப்பு ஆதாரமில்லாமல் அங்கே நின்றது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்து தமிழில் சொல்லிவிட்டேன்.

"இடுப்பப் பாருடி. பந்து கெளம்புறதுக்கு முன்னாலயே தடுக்கிறவன் வலது பக்கம் திரும்பிட்டான். தாத்தாதான் அவனத் திருப்புனாரு. போட்டவன் யாரையும் தாண்டல."

ஐரோப்பியப் பெண் கேட்டாள்: யார் அது பேசுவது?

அவள் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலகத் தோழி, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று கூப்பிட வந்திருக்கிறாள் என்றாள் ஆங்கிலத்தில். அந்தப் பெண் சிரித்தாள். சீக்கிரம் விட்டுவிடுகிறேன், உங்கள் தோழியைக் காக்கவைக்கக் கூடாது என்றாள். பிறகு இவள் சொன்னாள், திரையை விரலால் தொட்டுக் காட்டி: தடுப்பவனின் இடுப்பைக் கவனியுங்கள், பந்து கிளம்பும் முன்பே வலது பக்கம் திரும்பிவிட்டது, அவனைத் திருப்பியது பந்தைக் கொடுத்தவர், போட்டவர் யாரையும் தாண்டவில்லை. என் சொற்களை ஒன்று விடாமல், வரிசைகூட மாற்றாமல். அவள் என்றைக்கும் நான் சொன்னதை அப்படியே பதியக்கூடியவள்தானே.

அற்புதம் என்றாள் அந்தப் பெண்.

எனக்கும் ஆங்கிலம் தெரியும். அந்த நொடியில் எழுந்து கேமராவுக்கு முன்னால் போய் நின்றிருக்கலாம். ஏன் போகவில்லை என்று அம்மா பலதடவை கேட்டாள். சாப்பிடக் கூப்பிட வந்தவள் என்று சொன்ன பிறகு, இல்லை, நான் இன்னார் என்று ஒருத்தியிடம் போய் நின்று கெஞ்சுவதா? பால்குடம் எடுத்த தலை அது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பாஸ் படியில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். "எப்படிப் போச்சு?" என்றார். "அவளுக்குக் கெடச்சிரிச்சு" என்றேன். கிடைத்தும் விட்டது.

அதற்குப் பிறகும் இறுதிச்சுற்று இருந்தது. நான்கு அணிகள் ஓர் ஊரில் கூடி, ஒரு வாரக் கடைசியில் முடித்துக்கொள்ளும். அதையும் நாங்கள் இருவரும்தான் செய்தோம், அவள் "ரெடியா அக்கா?" என்றாள், நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்றும் தவறவிடவில்லை. கடைசி ஆட்டத்தில் தாத்தாவின் அணி ஒரு புள்ளி பின்னால். கடைசிப் பந்து அவர் கையில். இரண்டு பேர் அவர்மேல் விழுந்தார்கள், அவர் பந்தைத் தன் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளையிடம் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் யாருமே இல்லை. போட்டான். வளையத்தில் பட்டு வெளியே வந்தது.

"தவறவிட்டாச்சு, மாப்பிள்ள" என்றேன். அவள் தட்டினாள். உள்ளே போகாத பந்துக்கு அசிஸ்ட் கிடையாது. அந்த சீசனில் நான் பார்த்த மிக அழகான பந்து அது, தாத்தாவின் பெயரில் எங்கும் ஏறவில்லை. அவர் அதற்குப் பிறகு ஆடுவதை நிறுத்திக்கொண்டார் என்று பக்கத்து மேசைக்காரர் பிறகு சொன்னார்.

இப்போது நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் இருக்கிறேன். நானே பார்க்கிறேன், நானே தட்டுகிறேன், என் பெயரில். வேகம் குறைவுதான். மேற்பார்வையாளர் அடிக்கடி சொல்லிக் காட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து தட்டித் தருகிறேன் என்று ஒரு பெண் வந்தாள், வேண்டாம் என்றேன்.

அக்டோபர் வந்து அவர்கள் மறுபடி ஆட ஆரம்பித்த முதல் வாரத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. ஒரு துண்டுக் காணொளி. கீழே, "அக்கா சுகமா? இது உண்டா இல்லையா, அவசரம், இன்னிக்குள்ள சொல்லணும்." கை கூப்பிய படம் இரண்டு.

ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. புதுப் பையன் ஒருவன், மூலையில் பந்தை வாங்குகிறான். பார்த்தால் வழி திறந்திருப்பதுபோல் இருக்கும். இல்லை, தோளை இறக்கி, தானே ஒருவனைக் கழற்றிக்கொண்டுதான் போகிறான். நூறு பேரில் தொண்ணூறு பேர் உண்டு என்பார்கள். இயந்திரமும் அப்படித்தான் சொல்லியிருக்கும். அவளும் அதையேதான் சொல்லுவாள், யாரும் சொல்லித்தராவிட்டால்.

"இல்ல" என்றேன், சத்தமாக. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னா இல்ல?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

பிறகு கைப்பேசியை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக, அவளுக்குப் பதில் தட்டினேன்: "சாப்பாட்டு நேரம்."